மாயன் மொழிகளுக்கு ஒரு வாத்தியார்

மொழியியல் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களுக்கும் நோரா இங்லண்டைப் பற்றிச் சொல்ல ஆசை. அமெரிக்க மொழியியலாளர். 1970களின் தொடக்கத்தில் மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவுக்குப் போனவர், அங்குள்ள பூர்வகுடிகள் பேசும் மாயன் மொழிகளிலேயே ஆயுளைக் கழித்தார், 2022இல் காலமானார். அவற்றில் ஒன்றான மாம் மொழிக்கு அவர் எழுதிய இலக்கணம் 1983இல் வந்தது. லேசில் பிடிபடுகிற மொழி இல்லை. 'எடுத்தேன், கொடுத்தேன்' என்றால் பெரும்பாலும் போதாது. மேலேயா கீழேயா, இங்கிட்டா அங்கிட்டா என்பதையும் வினையோடு சின்னச் சொல்லாகச் சேர்த்தாக வேண்டும். நமக்குத் தலை சுற்றும். அங்கே பொடிசுகள் சர்வசாதாரணமாகப் பேசும்.

எனக்கு இலக்கணத்தைவிடப் பெரிதாகப் படுவது வேறு. வெளியாள் வருவார், பேச்சைப் பதிவு செய்வார், பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இதுதானே பல இடங்களில் நடந்தது? நோராவோ மாயன் மொழி பேசுபவர்களுக்கே மொழியியல் கற்றுக்கொடுத்தார். அதுவும் 1996 வரை உள்நாட்டுப் போர் ஓயாத நாட்டில். படித்தவர்கள் தங்கள் மொழிகளுக்குத் தாங்களே இலக்கணம் எழுதினார்கள். 1993இல் அவருக்கு, திறமையாளர்களுக்கு அமெரிக்காவில் தரும் மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. சரி, அது இருக்கட்டும். அப்புறம் ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், லத்தீன் அமெரிக்கப் பூர்வகுடி மொழிகளுக்கென்றே ஒரு மையம் தொடங்கினார். குவாத்தமாலாவிலிருந்து மாயன் மாணவர்கள் அங்கே போய் முனைவர் பட்டமும் வாங்கினார்கள்.