உட்கருத் துளை மாதிரி: வலை தயார், திசைதான் வரவில்லை

செல்லின் உட்கருவுக்குள் புரதங்கள் போய்வரும் துளைக்கு ஒரு மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். ஒருவழியாக அதன் வலை வேலை செய்கிறது! 5 மி.மீ. மணிகள் தாராளமாக விழுகின்றன. 25 மி.மீ. பந்து மேலேயே நின்றுவிடுகிறது. அதே பந்தில் இம்போர்ட்டின் (பெரிய புரதங்களை உட்கருவுக்குள் கொண்டுபோகும் புரதம்) கிளிப்பை மாட்டி லேசாக ஆட்டினால் இறங்கிவிடுகிறது.

அளவு வழக்கம்போல ஒரு நானோமீட்டருக்கு ஒரு மி.மீ. வெளிவளையம் 120, நடுவழி சுமார் 40. (முழு உட்கருவையும் இதே அளவில் செய்தால் பல மீட்டர் அகலக் கோளமும் ஆயிரக்கணக்கான துளைகளும் வேண்டும். ஆளை விடுங்கள்.) வளையத்தின் எட்டு ஆரக்கால்களும் முப்பரிமாண அச்சில் சிக்கலில்லாமல் வந்தன.

உயிரை வாங்கியது நடுவில் தொங்கும் நூல்கள். அசலில் அவை எஃப்ஜி நியூக்ளியோபோரின்கள் என்ற துளைப் புரதங்கள். நிலையான வடிவமின்றி அலைபவை. ஒன்றையொன்று லேசாகப் பற்றி வலையாகின்றன என்பது ஒரு கருத்து; நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். ஏறத்தாழ 40 கிலோடால்டனுக்குக் (புரத எடையின் அலகு) குறைந்த புரதங்கள் தாமாக நழுவிவிடும்; பெரியவற்றுக்குத் துணை வேண்டும். நூல் நுனியிலும் கிளிப்பிலும் நியோடிமியம் காந்தம் வைத்தால் பந்து நடுவழியில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. ஒட்டவே இல்லையென்றால் நுழையாது, அதிகம் ஒட்டினால் வெளியேறாது. அசல் இம்போர்ட்டினும் எஃப்ஜி நூல்களைத் தொட்டதும் விட்டுவிடும். ரப்பர் காந்தப் பட்டையைப் பொடிப்பொடியாக நறுக்கி ஒட்டிய பிறகே சரிப்பட்டது. பட்டை வாங்குபவர்கள் கவனிக்க: அதில் துருவங்கள் கோடுகோடாக மாறிமாறி இருக்கும், எந்தப் பக்கமாக நறுக்குகிறோம் என்பதைப் பொறுத்துப் பிடிப்பு மாறும். விற்பவர் இதை வாய்தவறிக்கூடச் சொல்லவில்லை.

சரி, அடுத்த தலைவலி. மாதிரியைக் கவிழ்த்தால் உள்ளே போன பந்து அதே சுலபத்தோடு வெளியே வருகிறது. வலைக்கு உள், வெளி தெரியாது. செல்லில் திசை தருவது ரான் என்ற புரதம். உட்கருவுக்குள் குரோமாட்டினில் (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த கட்டு) அமர்ந்திருக்கும் ஆர்சிசி1 என்ற புரதம் அதில் குவானோசின் டிரைபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறை ஏற்றிவிடுகிறது. அந்த டிரைபாஸ்பேட்டைச் சிதைக்க ரானைத் தூண்டும் புரதமோ வெளியே, சைட்டோபிளாசத்தில். ஆகவே ஏற்றிய ரான் உள்ளேதான் மிகுதி. அது வந்து பற்றியதும் இம்போர்ட்டின் சரக்கை விடுகிறது. நான் அடியில் ஒரு முளை வைத்துக் கிளிப்பைத் திறக்கப் பார்க்கிறேன். ஒரு பக்கம் திறக்கிறது, மறுபக்கம் பிடிவாதமாகத் தொங்குகிறது.

அதற்குள் மனம் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தின் பக்கம் போய்விட்டது. சும்மா இருக்கும்போது ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதம் அதன் நுழைவுக் குறியை (இம்போர்ட்டின் பிடிக்கும் இடம்) மூடி வெளியே நிறுத்திவைக்கும். செல்லுக்குச் செய்தி வந்ததும் அந்த மூடி சிதைக்கப்படும். என்எஃப்-கப்பா-பி உள்ளே போய் ஜீன்களை இயக்கும். எந்த ஜீன் எப்போது இயங்கும் என்பது பல நேரம் இந்தத் துளையில்தான் முடிவாகிறது, இதைக் காட்டாமல் மாதிரி எதற்கு? கழற்றி மாட்டும் மூடியை வரைந்து அச்சுக்கும் போட்டாயிற்று. முளைக்கு யாரிடமாவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.