எங்க மோந்தா நல்லதோ, அங்க

"எங்க மோந்தா எங்களுக்கு நல்லதோ, அங்க மோந்துக்க தம்பி." ஊர்க் கழிவுநீர் பாயும் வயல்களில் சோதனைக்குத் தண்ணீர் மொண்டுவருவது என் வேலை. அங்கே கீரை போட்டிருந்த அக்கா சிரித்துக்கொண்டேதான் அப்படிச் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். நாலு வருடமாக அந்தச் சிரிப்பு உறுத்துகிறது.

மொள்வதற்கு மூன்று இடம் இருந்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் வந்து விழும் வாய், அங்கிருந்து வயலுக்கு வரும் வாய்க்கால், வாய்க்கால் தண்ணீரோடு கிணற்றுத் தண்ணீர் கலக்கும் தொட்டி. அந்த வயலுக்கு என்னிடம் இருந்தது ஒரே பாட்டில். தொட்டியில் மொண்டேன். பாத்திக்குப் பாய்வது அதுதானே? படிவம் கேட்பது 'பாசன நீர்'. நான் விதியை மீறவில்லை, இன்றைக்கும் அதைச் சொல்வேன்.

ஆனால் பாட்டிலை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தால், அக்கா சிறுகீரையைக் கட்டுக் கட்டாக வாழைநாரில் கட்டி, வாய்க்காலில் முக்கி அலசிக்கொண்டிருக்கிறார். முந்தின நாள் பூரா கரண்ட் இல்லை, நிலையத்தில் காற்றூதும் மோட்டார் ஓடவில்லை; அது ஓடாவிட்டால் கழிவுநீர் சரியாகச் சுத்தமாகாது. வாய்க்காலில் நுரை ஒதுங்கிக் கிடந்தது. முழங்கால் வரை அதில்தான் நின்றார், வெறுங்காலோடு.

"அக்கா, வாய்க்கால்ல அலசாதீங்க."

"தொட்டித் தண்ணி பாத்திக்கே பத்தல. மண்ணோட கொண்டுபோனா எவன் வாங்குவான்?"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை எடுத்துவிட்டேன்: பிடுங்குவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே தண்ணீரை நிறுத்துங்கள், வெயிலில் கிருமி செத்துவிடும்.

"இந்த வெயில்ல ரெண்டு நாள் நிறுத்துனா, முதல்ல சாகுறது கீரைதான் தம்பி."

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

தொட்டித் தண்ணீரின் சோதனை முடிவு, நூறு மில்லிலிட்டருக்கு ஆயிரம் மலக்கோலிஃபார்முக்குள் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) வந்தது. பச்சையாகத் தின்னும் பயிருக்கும் அது போதும் என்பது 1989-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு. 2006-இல் அவர்களே மாற்றிச் சொன்னார்கள்: தண்ணீரை மட்டும் பார்த்தால் போதாது, வயலில் இறங்குகிறவர் முதல் வாயில் போடுகிறவர் வரை ஒவ்வொரு படியையும் பார். எங்கள் படிவம் இன்னும் 1989-ஐத் தாண்டவில்லை.

வாய்க்காலில் மொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'கீரையை விடு, தீவனப் புல் போடு' என்று தாள் வந்திருக்கும். மதுரை அவனியாபுரத்துக் கழிவுநீர்ப் பண்ணையில் புல்தான் வளர்த்தார்கள், ஐதராபாத்தில் கழிவுநீர் ஓடும் மூசி ஆற்றங்கரையிலும் புல் நிறைய. மாடு வைத்திருப்பவருக்கு அது சரி. அரை ஏக்கர் குத்தகையில், இருபத்தைந்து நாளைக்கு ஒருமுறை கையில் காசு பார்க்கிறவர் புல்லை வைத்து என்ன செய்வார்? மழை பொய்த்த வருடமும் ஊர் குளிப்பதை நிறுத்துவதில்லை, அதனால் அந்த வாய்க்கால் வற்றாது. உரச் செலவும் மிச்சம். லிட்டருக்கு 30 மில்லிகிராம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர் பாயும்போது 60 கிலோ, கிட்டத்தட்ட மூன்று மூட்டை யூரியா. ஊர் கழுவி விட்டதை அவர் காசாக்குகிறார். அதைக் கெடுக்க நான் யார்?

போதாததற்கு, கீரையை யாரும் பச்சையாகத் தின்பதில்லை, வேகவைத்துத்தானே கடைகிறோம்? இந்த ஒரு வாதத்தைப் பிடித்துக்கொண்டு பல மாதம் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒருநாள் வீட்டில் சட்னிக்குக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது: அக்கா வயலில் கடைசி இரண்டு பாத்தி கொத்தமல்லி. அதையும் அங்கேதான் அலசியிருப்பார். நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை போனபோது, "நல்லாதான வந்துச்சு?" என்றார். "வந்துச்சுக்கா" என்றேன். பொய் இல்லை. ஒரு கட்டுக் கீரையை என் வண்டியில் செருகினார், வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அவர் காலைப் பார்த்தேனா என்றால், பார்க்கவில்லை. கொக்கிப்புழு என்கிற குடல்புழு காலில் நுழைவது கண்ணுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கலாம். அந்தச் சேற்றில் அவர் போட்டுக்கொண்டு நடந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று இரண்டு வரி இடம் உண்டு. 'அறுவடைக்குப் பின் வாய்க்காலில் அலசுகிறார்கள்' என்று எழுத அது தாராளமாகப் போதும். காலியாக விட்டேன். எழுதினால் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள் என்று பயந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் அந்த இரண்டு வரியை ஆபீஸில் யாரும் படித்து நான் பார்த்ததே இல்லை.