விக்ரம வருடம், மார்கழி 20

ஜனவரி 3, வெள்ளி

விக்கிப்பீடியாவில் அப்பாவைப் பற்றி இருக்கும் கட்டுரையைத் திருத்தச் சொல்லும் கோரிக்கையை இன்று காலை பதிந்துவிட்டேன். மகளாகிய நான் கட்டுரையில் நேரடியாகக் கை வைக்கக் கூடாது என்பதால், திருத்தங்களை விவாதிக்கும் அதன் பேச்சுப் பக்கத்தில் முதல் வரியிலேயே உறவைச் சொல்லி, இதற்காக யாரிடமும் பணம் வாங்கவில்லை என்றும் எழுதி, வாக்கியங்களை இப்போது இருக்கிறபடி ஒரு முறையும் இருக்க வேண்டியபடி ஒரு முறையும் கொடுத்திருக்கிறேன். இரண்டே திருத்தங்கள்தான். பிறந்த ஆண்டு 1940 அன்று, 1941. அப்பாவின் நிதி நிறுவனம் 1998-இல் வைப்புத்தொகைகளைத் திருப்பித் தராமல் மூடப்பட்டது என்பது பொய். 'பொய்' என்பதை அடித்துவிட்டுத் 'தவறு' என்று மாற்றினேன்.

ஜனவரி 5, ஞாயிறு

பதில் இல்லை. விக்கிப்பீடியாவில் 2005-ஆம் ஆண்டு ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தி யாரோ விளையாட்டாக எழுதியது நான்கு மாதங்களுக்கு மேல் அப்படியே இருந்தது என்று மகன் ஆறுதலாகச் சொன்னான். அவன் ஆறுதல் சொல்லும் விதமே அப்படித்தான்.

ஜனவரி 7, செவ்வாய்

அப்பாவின் டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பதில் வந்தது. பணிவான பதில்தான். பிறந்த ஆண்டுக்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள்.

எதைக் கொடுப்பது? ஜாதக நோட்டின் முதல் பக்கத்தில், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, விக்ரம வருடம் மார்கழி 20 என்று தாத்தா எழுதியிருக்கிறார். விக்ரம வருடம் 1940 ஏப்ரலில் பிறந்து 1941 ஏப்ரலில் முடிந்தது. மார்கழி இருபது என்றால் ஆங்கிலப் புத்தாண்டு பிறந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். வருடத்தின் பெயரை மட்டும் பார்த்து யாரோ 1940 என்று போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பள்ளிச் சான்றிதழிலோ 1942 ஜூன் 1 என்று இருக்கிறது. பையன் சர்க்கார் வேலைக்குப் போனால் ஓய்வு ஒன்றரை வருடம் தள்ளிப்போகும் என்று கணக்குப் போட்டுத் தாத்தா வாத்தியாரிடம் சொன்ன தேதி அது. அப்பா சர்க்கார் வேலைக்குப் போகவும் இல்லை, ஓய்வு பெறவும் இல்லை. அந்தத் தேதி மட்டும் பாஸ்போர்ட் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஆகையால் நான் முத்திரையுள்ள ஆவணத்தைக் கொடுத்தால் அது மூன்றாவதாக ஒரு வருடத்தை நிரூபிக்கும். உண்மையைச் சொல்லும் நோட்டில் முத்திரை இல்லை, மஞ்சள்தான் இருக்கிறது.

ஜனவரி 9, வியாழன்

இரண்டாவது திருத்தமும் திரும்பி வந்துவிட்டது. அந்த வாக்கியத்துக்கு ஆதாரமாக ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த பெட்டிச் செய்தி இருக்கிறது. மூழ்கிப்போன நிதி நிறுவனங்களின் பட்டியலில் அப்பாவுடையதையும் சேர்த்து அச்சிட்டிருக்கிறார்கள். அச்சில் வந்ததை மறுக்க அச்சில் வந்த இன்னொன்று வேண்டுமாம். குடும்பத்தாரின் நினைவு ஆதாரமாகாதாம். விதியைக் குறை சொல்ல முடியவில்லை. எல்லா மகள்களும் என்னைப் போலத்தான் எழுதுவார்கள்.

1997-இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, நிதி நிறுவனங்கள் பதிவு பெற வேண்டும், குறைந்தது 25 இலட்சம் ரூபாய் சொந்த நிதி காட்ட வேண்டும் என்றார்கள். அதே ஆண்டில்தான் தமிழ்நாட்டில் வைப்பீட்டாளர் நலன் காக்கும் சட்டமும் வந்தது. நிறுவனங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்த நேரம். அப்பா பதிவுக்குப் போகாமல், புது வைப்பு வாங்குவதை நிறுத்திவிட்டு, இருந்ததைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். இதை எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அச்சில்தான் இல்லை.

ஜனவரி 13, திங்கள்

போகி. விடியற்காலையில் புகை வீட்டுக்குள் வந்தபோதுதான் நினைவு வந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்த வைப்பு ரசீதுகள் இரண்டு தகரப் பெட்டி நிறைய இருந்தன. கணக்குப் புத்தகங்களை எட்டு வருடம் வைத்திருந்தால் போதும் என்று ஆடிட்டர் சொன்னார். 2007 போகியில் நாங்களே வாசலில் போட்டு எரித்தோம். அம்மா கழியால் கிளறிவிட்டாள்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். நூலகம் விடுமுறை.

ஜனவரி 18, சனி

கன்னிமாரா. 1896-இல் திறந்த நூலகம். நாட்டில் வெளியாகும் புத்தகங்களும் இதழ்களும் சட்டப்படி ஒரு படி வந்து சேரும் இடங்களில் ஒன்று என்பதால் இங்கே கிடைக்கும் என்று நம்பித்தான் போனேன். 1998-ஆம் ஆண்டுக் கட்டுகளைப் புரட்டப் புரட்ட விரல் நுனியெல்லாம் பழுப்பாகிவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு மேல் கிடைத்தது, வணிகப் பக்கத்தின் அடியில் ஒரு சோப்பு விளம்பரத்துக்கு மேல், ஏழே வரியில். ஏழு மாதத் தாமதத்துக்குப் பின் நிறுவனம் முதலையும் வட்டியையும் வழங்கி முடித்தது, இடையில் வைப்பாளர்கள் அலுவலகத்தின் முன் கூடி நின்றனர் என்று இருந்தது.

தாமதத்தை நான் கோரிக்கையில் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று இங்கேயாவது எழுதாமல் இருக்கிறேன். லிங்கிச் செட்டித் தெரு மாடிப்படியில் அவர்கள் உட்கார்ந்திருந்ததும், அம்மா தூக்கில் மோர் கொடுத்தனுப்பியதும், அதை யாரும் தொடாமல் தூக்கு நிறைய மோர் திரும்பி வந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

ஜனவரி 19, ஞாயிறு

நகலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தாமதத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணைத் திறக்காமல், "ஏழு இல்லம்மா, ஒன்பது. கடைசி ஆளுக்கு ஒன்பது மாசம் ஆச்சு" என்றார்.

ஜனவரி 21, செவ்வாய்

நாளிதழின் பெயர், தேதி, பக்க எண், செய்தியின் படம் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடியும் பதிந்தேன். அச்சில் உள்ளபடி ஏழு மாதம் என்றே எழுதினேன். ஒன்பதுக்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் என்ன இருக்கிறது?

ஜனவரி 24, வெள்ளி

திருத்திவிட்டார்கள். ஏழு மாதத் தாமதத்துக்குப் பின் வட்டியுடன் திருப்பித் தரப்பட்டன என்று நான் கேட்டதைவிடச் சுருக்கமாகவும் நன்றாகவும் எழுதியிருக்கிறார்கள். பிறந்த ஆண்டு பற்றி ஆதாரங்கள் முரண்படுவதால் அதை நீக்கிவிட்டார்கள். முதல் வரியில் அப்பாவின் பெயருக்குப் பின்னால் இப்போது அடைப்புக்குறி இல்லை.

ஜனவரி 25, சனி

மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கடைசி ஆள் வில்லிவாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவாராம். பெயர், ரசீது எண், தொகை மூன்றையும் அப்பா சொன்னார். காலையில் சாப்பிட்டது இட்லியா உப்புமாவா என்பது அவருக்கு நினைவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

இரத்த அழுத்தம் இறங்கியதால் மூன்று மணி நேரத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். பேச்சுப் பக்கத்தில் வேறொருவர் வந்து, ஏழு மாதம் என்பதை உறுதிப்படுத்த இன்னோர் ஆதாரம் உண்டா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.