மன்னா சீவுற மலையூர்

சிசிலியில பொல்லினா எண்ட மலையூரில ஒரு பெரியவர் மன்னா எண்ட இனிப்புப் பாலுக்கு மரம் சீவுறதைப் பாத்ததில இருந்து எனக்கு மனசு யாழ்ப்பாணத்து ஊரிலதான் நிக்குது. பலேர்மோவுக்கு வந்து தலையும் நரைச்சுப்போச்சு, பிள்ளையள் தங்களுக்குள்ள சண்டை பிடிக்கிறது சிசிலியன் பாஷையில, ஞாயிற்றுக்கிழமையில பெல்லெக்ரீனோ மலையேறி சாந்தா ரொசாலியா எண்ட கத்தோலிக்கப் புனிதைக்கு மெழுகுதிரி கொளுத்துற சைவக்காரர் நாங்கள். இனி இதுதான் எங்கடை இடம் எண்டு எப்பவோ முடிவெடுத்தாச்சு.

நான் பராமரிக்கிற வயசான ஐயாவின்ரை குடும்பம் ஆகஸ்ட் வெக்கைக்கு அவரைத் தங்கடை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகும், நானும் கூடப் போவன். பொல்லினா எண்டது செஃபலூவுக்குக் கிழக்கால, மடோனியே மலையில 700 மீற்றருக்கு மேல, பாறை உச்சியில ஒட்டிக்கொண்டு நிக்கிற சின்ன ஊர். கீழ பினாலே எண்ட கடற்கரை, நேர முன்னுக்கு திர்ரேனியக் கடல். பின்னேரமானா கிழவியள் கதிரையை ரோட்டில போட்டுக்கொண்டு இருந்து "நீ ஆற்றை ஆள்?" எண்டு கேப்பினம். எங்கடை ஊர் அல்வாயிலயும் இதைத்தானே கேப்பினம்! ஆற்றை வீட்டில நிக்கிறன் எண்டு சொன்னவுடன அந்தக் குடும்பத்தின்ரை மூண்டு தலைமுறைக் கதையும் வரும், நான் எழும்ப ஏலாது.

அந்த ஊரைச் சுத்தித்தான் மன்னா மரம் நிக்குது. ஃப்ராஸ்ஸினோ எண்டுவினம், மெல்லிசான சாம்பல் நிற மரம். யூலையில இருந்து செப்டெம்பர் வரைக்கும் அதின்ரை பட்டையில வளைஞ்ச கத்தியால குறுக்க ஒரு கீறு போடுவினம். முதல்ல கசப்பா ஒரு பால் வரும், வெயிலும் காத்தும் பட பட வெள்ளையா இறுகி இனிப்பாகும், அதுதான் மன்னா. அடுத்தடுத்த கீறு முதல் கீறுக்குக் கொஞ்சம் மேல, அப்பிடியே கோடைமுழுக்க மரத்தில ஏறிக்கொண்டு போகும். முந்தி அடியில நாகதாளி மடலை வைச்சுத்தான் ஏந்தினவையாம், இப்ப சின்னத் தகடும் நைலோன் நூலும் கட்டி விடினம், நூலைப் பிடிச்சுக்கொண்டு பால் இறங்கி வெள்ளைக் குச்சியாத் தொங்குது. ஒரு மழை பெய்ஞ்சாப் போதும், அவ்வளவும் கரைஞ்சு போம்.

பெரியவர் ஒரு குச்சியை முறிச்சு என்ரை கையில தந்தார். வாயில வைக்க முந்தியே கரையத் தொடங்கீட்டுது. சீனி மாதிரித் திகட்டாத, லேசான இனிப்பு. எனக்கு அந்த இடத்தில கண் கலங்கீட்டுது, அவர் பயந்துபோய் தண்ணி குடுக்க வந்தார்.

ஊரில எங்கடை வளவுப் பனையில ஏறுற அண்ணை விடியக்காலமை வருவார், இடுப்பில பாளைக்கத்தி, கால்ல தளநார், மேல போய்ப் பாளையை ஒரு மெல்லிசுச் சீவல் சீவிப்போட்டு முட்டியைக் கட்டுவார், பின்னேரம் திரும்ப வருவார். கருப்பணி எண்ட இனிப்புப் பதநீருக்கெண்டால் முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசுவார், இல்லாட்டி கள்ளாப் போயிடும். அந்தக் கருப்பணியைக் காய்ச்சின பனங்கட்டியைக் கடிச்சுக் கடிச்சுத்தான் அப்பா பிளேன்ரீ குடிச்சவர். அதே ஆளை எங்கடை ஆக்கள் படலைக்கு வெளியில நிப்பாட்டித்தான் கதைச்சவை, சாதி சொல்லித்தான் கூப்பிட்டவை, அந்த வீட்டுப் பிள்ளையளைக் கோயிலுக்குள்ள விடேல்லை. இதை நினைக்க எனக்கு வாற கோவம் இப்பவும் ஆறேல்லை. 1978இல பனை அபிவிருத்திச் சபை வந்தது, நல்லது, ஆனா மரத்தில ஏறுற மனிசனுக்கு மரியாதை ஊர்தானே குடுக்கவேணும்.

பொல்லினாவில மன்னா சீவுறவரைக் கண்டா ஊரே நிண்டு கதைக்குது. இந்தத் தொழிலும் லேசில தப்பேல்லை. ஆஸ்பத்திரியில மூளை வீக்கத்துக்கு ஏத்துற மனிற்றோல் 1806இல ப்ரூஸ்ற் எண்ட பிரெஞ்சு விஞ்ஞானி மன்னாவில இருந்து பிரிச்செடுத்த சாமான்தான், பிறகு தொழிற்சாலையில வேற சர்க்கரையில இருந்து மலிவாச் செய்யத் தொடங்க மன்னாத் தோட்டங்கள் காடாப் போச்சுது. மிஞ்சினது பொல்லினாவும் பக்கத்து கஸ்தெல்புவோனோவும்தான். இப்ப ஸ்லோ ஃபுட் அமைப்பு அதைப் பாதுகாக்க வேண்டிய உணவெண்டு பட்டியல்ல சேத்திருக்கு, நத்தார் பனத்தோனே கேக்கிலயும் மன்னா போடினம். பெரியவரோட இளம் பெடியன் ஒருத்தன் கத்தியோட நிண்டான், பேரனாக்கும் எண்டு பாத்தா இல்லை, யூனிவர்சிற்றி முடிச்சுப்போட்டுத் தொழில் பழக வந்தவனாம்! எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கவேணும் போல இருந்தது.

அடுத்தமுறை போகேக்க பலேர்மோ பல்லாரோச் சந்தையில எங்கடை ஆக்களின்ரை கடையொண்டில வாங்கின பனங்கட்டியைப் பனையோலைக் குட்டானோட கொண்டுபோய்க் குடுத்தன். பெரியவர் ஒரு துண்டை நாக்கில வைச்சுக் கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் இருந்தார், பிறகு கேள்விமேல கேள்வி. மரம் எத்தினை மீற்றர், எந்த மாசம், மழை வந்தா என்ன செய்வினம், கத்தி எப்பிடி இருக்கும், அந்தாளுக்குப் பிறகு ஆர் சீவினம்? அவற்றை மகன் கனடாவில லொறி ஓடுறான் எண்டு சொன்னன். "என்ரை மகனும் வடக்கில தோரினோவில" எண்டார்.

அவருக்குப் பாளைக்கத்தியைக் கையில பிடிச்சுப் பாக்கவேணுமாம். மார்கழியில மச்சான் ஊருக்குப் போறார், சாவகச்சேரியில ஒரு கொல்லனிட்டை நல்லதா ஒண்டு அடிப்பிச்சு, பெரிய சூட்கேசுக்குள்ள சுத்திக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறன்.