ஆலிஸ் ஆஸ்வால்டின் ‘மெமோரியல்’: உவமையை இரண்டாம் முறையும் படியுங்கள்

டிராய்ப் போரைப் பாடும் பழங்கிரேக்கக் காப்பியமான ஹோமரின் இலியட் 15,693 வரிகள். அதில் எட்டில் ஏழு பங்கைக் கழித்துவிட்டு ஆங்கிலக் கவிஞர் ஆலிஸ் ஆஸ்வால்ட் 2011இல் வெளியிட்ட நீள்கவிதை ‘மெமோரியல்’. கிரேக்க வீரன் அகிலீஸின் கோபத்தைச் சொல்லும் கதை போய்விட்டது. மிஞ்சியவை செத்தவர்களைப் பற்றிய சிறு குறிப்புகளும் ஹோமரின் உவமைகளும்தான்.

தொடக்கமே செத்தவர்களின் பெயர்ப்பட்டியல். 200க்கும் மேற்பட்ட பெயர்கள், எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (capitals), ஒன்றன்கீழ் ஒன்றாக. முதலில் கிரேக்கன் புரோட்டெசிலாஸ், கடைசியில் டிராய் இளவரசன் ஹெக்டர். அகிலீஸ் இல்லை, இலியட் முடியும்போது அவன் உயிரோடு இருக்கிறான். இந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறவர்கள் நிறைய. வாய்விட்டுப் படியுங்கள். பின்னால் ஒருவன் விழும்போது அவன் பெயர் ஏற்கெனவே நம் காதில் இருக்க வேண்டும்.

அடுத்து வாழ்க்கைக் குறிப்புகள். அக்ஸிலஸுக்கு அரிஸ்பே ஊரில் வீடு. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சோறு போட்டவன். கிரேக்க வீரன் டயோமிடீஸ் கொல்ல வந்தபோது, சாப்பிட்டுப் போனவர்களில் ஒருவரும் குறுக்கே வந்து நிற்கவில்லை. ஹோமரில் இது ஆறாம் காண்டத்தில் எட்டே வரி. போர்க்களத்து இரைச்சலில் நாம் தவறவிட்டிருக்கக்கூடிய எட்டு வரி.

நூலின் உயிர் உவமைகளில் இருக்கிறது. ஹோமரில் உவமை ஒரு நிகழ்ச்சியோடு கட்டப்பட்டிருக்கும்: ‘எப்படி அலை எழுகிறதோ, அப்படிப் படை எழுந்தது’ என்று. ஆஸ்வால்ட் அந்த ‘அப்படி’யை வெட்டிவிடுகிறார். அம்மாவின் உடையைப் பிடித்திழுத்துத் தூக்கச் சொல்லி அழும் சிறுமியின் உவமை, இலியடில் தன் நண்பன் பட்ரோக்ளஸின் அழுகையைச் சுட்டி அகிலீஸ் சொல்வது. இங்கே அது சாவுகளுக்கு நடுவில் தனியாக நிற்கிறது. எதற்கு உவமை என்று நாமே தேட வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான உவமைகள் உடனுக்குடன் இரண்டு முறை வருகின்றன, சொல் மாறாமல். அச்சுப்பிழை என்றோ அலங்காரம் என்றோ எண்ணி இரண்டாவதைத் தாண்டினால் கவிதை பாதியாகிவிடும். இலியடின் 24ஆம் காண்டத்தில் ஹெக்டரின் உடலருகே பாடகர்கள் புலம்பலைத் தொடங்க, பெண்கள் கூடவே அழுகிறார்கள். ஒரு குரல் சொல்ல, மற்ற குரல்கள் வாங்கிச் சொல்லும் இழவுப்பாட்டு முறை அது. முதல் முறை காட்சி தெரிகிறது. இரண்டாம் முறை செத்தவன் தெரிகிறான். முடிந்தால் இரண்டு பேராகப் படியுங்கள்.

தமிழில் பெயர்க்க நினைப்பவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் உவம உருபு (like) வரியின் தலையில் நிற்கிறது. முதல் சொல்லிலேயே நாம் தயாராகிவிடுகிறோம். தமிழில் ‘போல’ கடைசியில்தான் வரும். அதுவரை வாசகர் நடந்த சம்பவம் என்றே நம்பியிருப்பார். ‘எப்படி’ என்று தொடங்கினால் ‘அப்படி’ கேட்கும். என் பரிந்துரை: ‘போல’வை இறுதியில் தனி வரியாக விட்டு, வினைமுற்று தராமல் நிறுத்துங்கள். அந்தத் தொங்கல் மூலத்தின் வெறுமைக்கு நெருக்கமானது. பெயர்களுக்குத் தடித்த எழுத்து. நமக்குப் பெரிய எழுத்து கிடையாதே.

ஹெக்டருக்குப் பிறகு சாவு இல்லை, உவமைகள் மட்டும். கடைசியானது இலியடின் நாலாம் காண்டத்தில், நின்ற போரை மறுபடி மூட்டப் பெண்தெய்வம் அதீனா இறங்குவதைச் சொன்ன எரிநட்சத்திரம். இங்கே அதீனா இல்லை. ஒரு கடவுள் நட்சத்திரத்தை எறிகிறார், எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், அது போய்விடுகிறது. அதுவும் இரண்டு முறை.