எங்கே அடிக்கலாம் என்று ஒரு சட்டம்

ஸ்காட்லாந்தில் பிள்ளைகளை அடிக்கத் தடை கோரி அந்த நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் ஃபின்னி 2018இல் கொண்டுவந்த மசோதாவைப் பற்றிப் படித்தேன். அதற்கு முந்தைய 2003 சட்டம்தான் வேடிக்கை: தலையில் அடிக்கக் கூடாது, பிடித்து உலுக்கக் கூடாது, கம்பு, பெல்ட் எதுவும் எடுக்கக் கூடாது. மற்றபடி வெறுங்கையால் இரண்டு வைத்தால் ‘நியாயமான கண்டிப்பு’ என்று கோர்ட்டில் வாதாடலாம்! இதையும் ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருப்பார் இல்லையா?

ஃபின்னியின் மசோதா புதுக் குற்றம் எதையும் சேர்க்கவில்லை, அந்த வாதத்தை மட்டும் எடுத்துவிட்டது. சாதாரணப் பெற்றோரும் கோர்ட் படி ஏற வேண்டிவருமே என்ற பயம் எழுந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு போலீசையும் சமூகப் பணியாளர்களையும் கூப்பிட்டு விசாரித்தது. 2019 அக்டோபரில் 84க்கு 29 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேறியது. அமலுக்கு வந்ததோ 2020 நவம்பரில். மாற்றத்தை மக்களுக்கு எடுத்துச்சொல்லும் பொறுப்பையும் அமைச்சர்கள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.