பல்ஸ் டீமன், குறைந்த வால்யூமில்: ஹார்ஷ் நாய்ஸ் கேட்டுப் பார்த்த குறிப்புகள்

கடைசியில் பல்ஸ் டீமன் முழுவதையும் கேட்டு முடித்தாயிற்று. வேறு வேலை பார்த்துக்கொண்டே அல்ல, உட்கார்ந்து, முதல் டிராக்கிலிருந்து கடைசி டிராக் வரை. ஜப்பானியக் கலைஞர் மசாமி அகிதா, மெர்ஸ்பௌ என்ற பெயரில் 1996-ல் ரிலாப்ஸின் கிளை லேபிள் மூலம் வெளியிட்ட ஆல்பம் இது. கரடுமுரடான இரைச்சலையே இசையாக்கும் ஹார்ஷ் நாய்ஸ் வகை. நாய்ஸ் பிரியர்களில் பாதிப் பேரிடம் இருக்கும். முழுக்கக் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டால் அட்டையின் டிசைனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு வழி திறந்தது புது ஹெட்ஃபோனால் அல்ல, புது ஆம்ப்ளிஃபயரால் அல்ல. வால்யூம் குமிழால்தான். அதுவும் இடதுபக்கம் திருப்பியதால்.

"ஹார்ஷ் நாய்ஸ் என்றால் முழுச் சத்தத்தில்தான் கேட்க வேண்டும்" என்பது இந்த வட்டாரத்தில் வேதவாக்கு. நேரடி நிகழ்ச்சிக்கு அது சரி. அங்கே பாஸ் நெஞ்சில் இடிக்கும், அறையே ஒரு கருவியாகிவிடும், காதடைப்பானை வைத்துக்கொண்டு நிற்கலாம். வீட்டில் இரண்டு ஸ்பீக்கரையோ ஒரு ஹெட்ஃபோனையோ வைத்துக்கொண்டு அதே அனுபவத்தைக் கறக்கப் பார்ப்பது வெறும் வீம்பு. வீம்பு என்பதோடு நின்றாலும் பரவாயில்லை. சத்தமாக வைத்தால் நாய்ஸ் குறைவாகத்தான் கேட்கிறது என்பது என் வாதம்.

காதுக்குள் ஸ்டேபீடியஸ் என்று ஒரு குட்டித் தசை இருக்கிறது. சத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் அது சுருங்கி அங்கவடி எலும்பை இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் முக்கியமாகத் தாழ்ந்த அதிர்வெண்கள் உள்ளே போவது குறைகிறது. அதாவது எந்த பாஸுக்காக வால்யூமை ஏற்றினோமோ, அதைக் காதே கொஞ்சம் தடுத்துவிடுகிறது. அப்புறம் நேரம் ஆக ஆகக் காது மரத்துப்போகிறது. உச்ச ஒலிகளில் இருந்த கூர்மை இருபது நிமிடத்தில் மழுங்கிவிடும். மெர்ஸ்பௌவின் ஆல்பம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். பின்பாதியில் நீங்கள் கேட்பது மசாமி அகிதா செய்ததை அல்ல, உங்கள் காது களைத்த பிறகு மிச்சம் விட்டதை. "எல்லா டிராக்கும் ஒரே மாதிரிதானே இருக்கிறது" என்று சொல்கிறவர்களில் பலர் இந்த மிச்சத்தைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

பாதுகாப்புக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் வேலையிடங்களுக்குச் சொல்லும் வரம்பு 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகிறது. 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்கு வெறும் பதினைந்து நிமிடம். சாதாரண இசையில் உச்சமும் தாழ்வும் மாறி மாறி வருவதால் காதுக்கு இடைவெளி கிடைக்கும். ஹார்ஷ் நாய்ஸில் உச்சத்துக்கும் சராசரிக்கும் நடுவில் சில டெசிபல்தான். எல்லாமே மேற்கூரையில் ஒட்டிக்கொண்டு ஓடும். ஆகவே ஜாஸ் ஆல்பத்துக்கு வைத்த அதே குமிழ் நிலை இங்கே ஆபத்தான நிலை. ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டருக்கும் இதே கதிதான். வழக்கமான இசையில் உச்ச அதிர்வெண்களில் போகும் சக்தி சொற்பம், ட்வீட்டரின் மெல்லிய சுருளை அதை நம்பித்தான் செய்கிறார்கள். இடைவிடாமல் கிறீச்சிடும் ஃபீட்பேக்கை முழு வால்யூமில் ஊட்டினால் சுருள் சூடாகிப் போயே போய்விடும்.

சரி, குறைப்பது என்றால் எவ்வளவு? மாதக்கணக்கில் நோண்டியது இந்த ஓர் இடத்தில்தான். ஒரேயடியாகக் குறைத்தாலும் காரியம் கெடும். குறைந்த சத்தத்தில் நம் காது பாஸை முதலில் கைவிடுகிறது. 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதிதான் காதுக்கு மிகச் செல்லமான பகுதி, அது மட்டும் முன்னே வந்து நிற்கும். அந்த நிலையில் மெர்ஸ்பௌ வெறும் "ஸ்ஸ்ஸ்" ஆகிவிடும். அடியில் ஓடும் துடிப்பு போய்விட்டால் அப்புறம் கேட்க ஒன்றுமில்லை.

என் முறை இது. உட்காரும் இடத்தில் ஒலிமானியை வைத்து, பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓடவிட்டு, 73 டெசிபல் வரும் இடத்தில் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு சிறு டேப் ஒட்டிவிட்டேன். பிளேயரில், ஆல்பங்களின் சத்தத்தை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் ரீப்ளே கெயினை ஆல்பம் முறையில் போட்டுவிட்டேன். நாய்ஸ் ஆல்பங்களை அது கருணையே இல்லாமல் கீழே இறக்கும், அதுதான் வேண்டும். டிராக் முறையில் போடாதீர்கள். ஆல்பத்துக்குள் சத்தமான டிராக்கும் அடங்கிய டிராக்கும் ஒரே உயரமாகிவிடும். பிறகு ஒவ்வோர் ஆல்பத்துக்கும் டேப்பிலிருந்து ஒரு மயிரிழை இப்படி அப்படி. அடித்துடிப்பு காணாமல் போகும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு மூன்று டெசிபல் மேலே நிறுத்துவதுதான் விஷயம். ஹெட்ஃபோனில் இதை அளப்பது பெரும்பாடு என்பதால் அதை ஓரங்கட்டிவிட்டேன்.

அந்த நிலையில் பல்ஸ் டீமன் வேறு ஆல்பம். வுட்பெக்கர் நம்பர் 1-ல் அந்தத் தட்டல் எல்லோருக்கும் கேட்கும். ஆனால் தட்டலின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுவதும், அதன் அடியில் இன்னொரு கனத்த அலை தன் போக்கில் வந்து போவதும், இரண்டும் எப்போதாவது ஒரே புள்ளியில் இடிக்கும்போது மேலே இருக்கும் கிறீச்சொலி நிறம் மாறுவதும் இப்போதுதான் பிடிபட்டது. கூட்டத்தில் நின்று ஒரே ஒருவர் பேச்சை மட்டும் காதால் தொடர்வோமே, அப்படி ஓர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அது மறைந்தால் அடுத்ததைப் பிடிக்கலாம். நீளமான டிராக்கான வர்ம்ஸ் பிளாஸ்டிக் எர்த்பவுண்டில் இப்படி அடுக்கு மாறி மாறிப் போனதில் நேரம் போனதே தெரியவில்லை. இதெல்லாம் அகிதா லேப்டாப்புக்கு மாறுவதற்கு முந்தைய காலம். அதிர்வைப் பிடிக்கும் கான்டாக்ட் மைக் ஒட்டிய உலோகத் துண்டுகள், ஒலியை உருமாற்றும் பெடல்கள், அனலாக் கருவிகள். பின்னாளைய லேப்டாப் ஆல்பங்களில் இந்த நழுவல் இவ்வளவு இல்லை என்று எனக்குப் படுகிறது. கம்ப்யூட்டர் லூப் திரும்பி வந்தால் அப்படியே திரும்பி வருகிறது. பெடல் சங்கிலி ஒரு தடவை போட்ட சத்தத்தை மறுதடவை போடாது.

எல்லாக் கலைஞர்களிடமும் இந்த வைத்தியம் பலிக்கவில்லை. ஜப்பானிய இருவர் குழுவான இன்கபாசிடன்ட்ஸின் 1995 ஆல்பத்துக்குத் தலைப்பே "ஆஸ் லவுட் ஆஸ் பாசிபிள்". தலைப்பை மீறிக் குறைத்து வைத்தேன், பிரமாதமாக இருந்தது. தோஷிஜி மிகாவாவும் ஃபுமியோ கொசாகாயும் ஃபீட்பேக்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதில் ஒரு குதூகலம் இருக்கிறது. ஆத்திரமே இல்லை. மிகாவா வங்கியில் வேலை பார்த்தவர் என்பது நாய்ஸ் உலகில் ஊரறிந்த விஷயம், அந்தத் தகவல் தெரிந்த பிறகு இது எனக்கு இன்னும் பிடித்துப்போனது. இன்னொரு ஜப்பானியக் கலைஞரான மசோனா மட்டும் மசியவில்லை. அங்கே அலறல், வெட்டு, அமைதி, மறுபடி அலறல். திடுக்கிடல்தான் அதன் உயிர். குறைந்த வால்யூமில் திடுக்கிட எதுவுமில்லை, யாரோ பக்கத்து அறையில் கோபப்படுவது போல ஆகிவிடுகிறது. நல்ல வேளை, டிராக்குகள் குட்டியானவை. சத்தமாக வைத்துச் சீக்கிரம் முடித்துவிடலாம். கெவின் டிரம் 2002-ல் மெகோ லேபிளில் போட்ட ஷியர் ஹெலிஷ் மியாஸ்மாவில் நேர் எதிர். அதன் கடைசித் துண்டான கிளவுடி மெல்லியது. முன்பகுதியைச் சத்தமாகக் கேட்டு வந்தால் மரத்த காதுக்கு அது பாதிதான் கேட்கும். குறைத்துக் கேட்டு வந்தால் முழுசாகக் கிடைக்கிறது.

நடுவில் ஃபைல் பற்றி ஒரு புலம்பல். நாய்ஸை எம்.பி.3-யில் கேட்காதீர்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள், "ஏற்கெனவே கெட்டுப்போன சத்தத்தில் இன்னும் என்ன கெட?" என்று. இதில்தான் அதிகம் கெடும். எம்.பி.3 எது காதில் விழாது என்று ஊகித்து அதைத் தூக்கி எறியும் முறை. எல்லா அதிர்வெண்ணிலும் எப்போதும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும் ஒலியில் அதற்கு எறிய எதுவும் அகப்படாது. பிட் போதாமல் தண்ணீருக்குள் கிணுகிணுப்பது போன்ற ஒரு சத்தம் சேர்ந்துகொள்ளும். 128 கிலோபிட்டில் மேல்பகுதி 16 கிலோஹெர்ட்ஸ் அருகில் வெட்டியும் போய்விடும். நம்பாவிட்டால், எதையும் எறியாமல் ஒடுக்கும் ஃபிளாக் ஃபைலின் அளவைப் பாருங்கள். சாதாரண இசை கிட்டத்தட்ட பாதி அளவுக்கு ஒடுங்கும். நெருக்கமான நாய்ஸ் ஆல்பம் ஒடுங்குவதற்கே மறுக்கும். யூகிக்க முடிகிற எதுவும் அதில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

நாய்ஸின் இன்னொரு கிளையான பவர் எலக்ட்ரானிக்ஸுக்கு வருகிறேன். இங்கே குமிழ் தத்துவம் பாதிதான் உதவியது. பிரிட்டிஷ் குழுவான வைட்ஹவுஸின் வில்லியம் பென்னெட் 80-களின் தொடக்கத்தில் இந்தப் பெயரை வைத்தபோது இருந்த பொருட்கள் மிகக் கொஞ்சம்: அடியில் கனத்த சிந்தசைசர் உறுமல், மேலே ஊசி ஃபீட்பேக், நடுவில் மனிதக் குரல். நடுப்பகுதியைக் குரலுக்காகவே காலியாக விட்டிருப்பார்கள். அதனால் எந்த வால்யூமில் வைத்தாலும் முதலில் வந்து நிற்பது குரல். மெர்ஸ்பௌவில் ஒளிந்துகொள்ள இடம் உண்டு, இங்கே கிடையாது. ஒருவர் உங்கள் முகத்துக்கு நேரே கத்துகிறார், நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இது இசையைவிட நாடகத்துக்கு நெருக்கம் என்று வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்குக் கேட்க முடிந்தது. 2003-ல் வந்த பேர்ட் சீட், வைட்ஹவுஸின் பழைய ஆல்பங்களைவிட எனக்கு மேல். கம்ப்யூட்டரில் செதுக்கிய தாளத் துண்டுகள், வசையின் வேகத்தோடு சேர்ந்து ஓடும் ஒலி. அதே ஆண்டு ஆஸ்திரியாவின் ஆர்ஸ் எலக்ட்ரானிக்கா கலைப் பரிசுகளில் அதற்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது.

ஆனால் இந்தப் பிரிவின் அலமாரி எனக்கு அலுப்புத் தட்டுகிறது. தொடர்கொலைகாரர்கள், சர்வாதிகாரிகள், சித்திரவதை. அட்டைக்கு அட்டை அதே படங்கள். தொடக்க காலத்தில் அதிர்ச்சிக்கு ஒரு வேலை இருந்திருக்கலாம். நாற்பது வருடம் கழித்து அதே படத்தை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுவது சோம்பேறித்தனம். "நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை, கேள்வியை மட்டும் வைக்கிறோம்" என்ற சமாதானத்தையும் போதுமான அளவு கேட்டாயிற்று. கேள்வி எது என்று ஒலியிலிருந்து எனக்குப் புரியாவிட்டால் வாங்குவதில்லை என்று முடிவு.

அதனால்தான் ஃபார்மகான் பெரிய ஆறுதல். அந்தப் பெயரில் இயங்கும் மார்கரெட் சார்டியே ஓர் அவசர அறுவை சிகிச்சைக்குப் பிறகு செய்த பெஸ்டியல் பர்டன் 2014-ல் வந்தது. கொடுமைக்கு வெளியில் எங்கும் தேடிப் போகவில்லை, தன் உடம்பையே எடுத்துக்கொண்டார். முதலில் மூச்சு, ஓரிடத்தில் இருமல், குமட்டல். அலறலைவிட அந்த இருமல்தான் என்னை நெளிய வைத்தது. இதைக் கேட்க டேப் ஒட்டிய இடத்துக்கும் கீழே போனேன், அப்போதும் குறையவில்லை. மூச்சுக்குச் சத்தம் தேவையில்லை போலிருக்கிறது.

கேசட் விஷயம் ஒன்று பாக்கி. சின்ன லேபிள்கள் ஐம்பது, நூறு பிரதிதான் போடுகின்றன, தவறவிட்டால் மறுவிற்பனையில் விலை கண்ணைக் கட்டும். தபால் செலவு பல சமயம் கேசட் விலையைத் தாண்டுகிறது என்பதால் ஒரே லேபிளிடம் நாலைந்தாகச் சேர்த்து வாங்குவதுதான் கட்டுப்படியாகும். ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய கேசட்டில் இடப்பக்கச் சேனல் பாதிக்கு மேல் மங்கல். எழுதிக் கேட்டால், "பதிவே அப்படித்தான்" என்று பதில். நாய்ஸ் கேசட்டில் இதை எப்படி மறுப்பது? என் டெக்கில் மற்ற கேசட் எல்லாம் சரியாகத்தான் ஓடுகின்றன. பணமும் வரவில்லை, அந்த ஆல்பத்தின் டிஜிட்டல் பிரதியும் எங்கும் இல்லை. கேசட் கேட்கிறவர்கள் டெக்கில் டால்பி (இரைச்சல் குறைப்பு) பொத்தானை மறக்காமல் அணைத்துவிடுங்கள். டால்பி இல்லாமல் பதிந்த நாடாவை டால்பியோடு ஓட்டினால் மேல்பகுதியை மழித்து எடுத்துவிடும், பிறகு "அனலாக் கதகதப்பு" என்று அதையே புகழ்ந்துகொண்டிருப்போம்.

பவர் எலக்ட்ரானிக்ஸில் இன்னும் பாதி ஆல்பங்கள் கேட்காமல் கிடக்கின்றன. இத்தாலியின் மவுரிசியோ பியாங்கியை இப்போதுதான் தொட்டிருக்கிறேன். 80-களின் தொடக்கத்தில் வந்த அவரது சாம்பல்நிற சிந்தசைசர் வேலைகள் குறைந்த வால்யூமுக்கென்றே செய்தவை போல இருக்கின்றன. அதை முடிக்காமலே கை, இரைச்சலைச் சுவர் போல மாறாமல் நிறுத்தும் "ஹார்ஷ் நாய்ஸ் வால்" (wall) வகையின் பக்கம் போகிறது. பிரான்ஸின் வோமிர் வைத்தால் அங்கே பிடித்துக்கொண்டு போக அடுக்கே கிடையாது, மாற்றமும் கிடையாது. ஆக நான் கண்டுபிடித்த முறைக்கே அங்கே வேலை இல்லை. கனடாவின் தி ரீட்டா சுறாக் கூண்டுப் பதிவுகளை நசுக்கிச் செய்த தவுசண்ட்ஸ் ஆஃப் டெட் காட்ஸை 73-ல் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டினேன். வெடிப்புகளுக்கு நடுவே இடைவெளி தெரிகிறது, ஆனால் அடியில் இருக்கும் கனம் வரவில்லை. அடுத்து 76-ல் வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னே இழுக்க வேண்டும். மூலையில் பாஸ் வீங்குகிறது.